போகும்போது கூலிங் இல்லை, வரும்போது இருக்கிறது: டிரெய்லர் ஏசியை நாமே பார்ப்பது

தக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சொந்த டிரெய்லர், தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி திருவனந்தபுரம் பக்கம் கொண்டுபோய் இறக்குகிறார். வண்டி ஓடும்போது கேபின் ஏசி பரவாயில்லை, மார்த்தாண்டம் நெரிசலிலோ களியக்காவிளை செக்போஸ்ட் வரிசையிலோ நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது. இந்த வருசம் மட்டும் மூன்று தடவை கேஸ் அடித்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் இரண்டு மாசம் தாங்குகிறது. இப்போது கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள். நானே பார்த்துச் சரிசெய்ய முடியுமா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ஆரல்வாய்மொழியில் டீ குடிக்க நிறுத்தினால், ஊருக்குத் திரும்பும்போது நின்ற இடத்திலேயே நல்ல கூலிங், தூத்துக்குடிக்குப் போகும்போது அதே இடத்தில் நிறுத்தினால் கூலிங் இல்லை, இது என்ன மாயம் என்று.

தம்பி, அந்தக் கடைசி வரியில்தான் பாதி விடை இருக்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், முப்பந்தல் காற்றாலை எல்லாம் அதை நம்பித்தான் நிற்கிறது. ஊருக்குத் திரும்பும்போது உங்கள் வண்டியின் முகம் காற்றைப் பார்த்து நிற்கிறது. கிரில்லுக்குப் பின்னால், ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சர் வழியாகக் காற்று தானாகவே புகுந்து போகிறது, அதனால் கூலிங் வருகிறது. போகும்போது வண்டி காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது, இப்போது கண்டன்சருக்குக் காற்று தரவேண்டியது இன்ஜின் ஃபேன் மட்டும்தான், அது தரவில்லை. ஓடும்போது சரி, நின்றால் இல்லை என்பதும் அதே கதைதான். கம்ப்ரசர் கெட்டிருந்தால் அதற்குக் காற்று எந்தத் திசை என்று தெரியாது. ஆக உங்கள் வண்டியில் ஒன்றல்ல, இரண்டு கோளாறு இருக்கிறது: கண்டன்சருக்குக் காற்று போதவில்லை என்பது ஒன்று, எங்கேயோ கேஸ் கசிகிறது என்பது இன்னொன்று. மூன்று தடவை கேஸ் அடித்தவர்கள் இரண்டையுமே பார்க்கவில்லை.

நான் சவூதியில் எட்டு வருசம் டிரெய்லர் ஏசி வேலை பார்த்தவன், இப்போது நாகர்கோவில் பக்கம் சின்ன ஷெட் வைத்திருக்கிறேன். என் பிழைப்பைக் கெடுக்கிற மாதிரி இருந்தாலும் சொல்கிறேன், லாரி ஏசி கோளாறில் பெரும்பாலானவை கேஸ் பைப்பைத் தொடாமலேயே சரியாகக்கூடியவை. கேஸ் என்பது டீசல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கும், கண்டன்சரில் அந்தச் சூடு வெளியே போய் திரவமாகும், எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகப் பீறிட்டு கூலிங் காயிலில் ஆவியாகும்போது கேபின் சூட்டை இழுத்துக்கொள்ளும், மறுபடி கம்ப்ரசருக்குப் போகும். மூடிய வட்டம். குறைந்திருக்கிறது என்றால் வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான். ஹோஸ் ரப்பர் வழியாக வருசத்துக்குக் கொஞ்சம் போவது வேறு விஷயம், இரண்டு மாசத்தில் தீர்வது ஓட்டை.

முதலில் காசே செலவில்லாத ஒரு சோதனை. வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஏசியை முழு பிளோயரில் போடுங்கள். கேபினில் காற்று வரும் வாயில் ஒரு தெர்மாமீட்டர் செருகிவையுங்கள், மீன் தொட்டிக்கு விற்கிற மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். பத்து நிமிசம் விட்டு அளவைக் குறித்துக்கொண்டு, கிரில்லுக்கு முன்னால் நின்று ஒரு வாளித் தண்ணீரை கண்டன்சர் மேல் மெதுவாக ஊற்றுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது, லுங்கி, தோளில் துண்டு எதுவும் தொங்கக்கூடாது. தண்ணீர் ஊற்றிய இரண்டு மூன்று நிமிசத்தில் கேபினில் காற்று ஜில்லென்று ஆகி, தண்ணீர் காய்ந்ததும் மறுபடி சூடானால், கோளாறு கண்டன்சர் காற்றில் என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றியும் ஒன்றும் மாறவில்லை என்றால் கேஸ் குறைவு, கம்ப்ரசர், வால்வு என்று அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும்.

காற்று போதாமைக்கு முதல் காரணம் அழுக்கு. நம்மூர் அழுக்கே தனி ரகம். தேங்காய்நார், ரப்பர் தோட்டத்துச் சருகு, செம்மண், அதற்கு மேல் கடல் உப்பு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் லோடு ஓடுகிற வண்டிக்குப் பின்னால் போனாலே ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தெறிக்கும். கண்டன்சரை முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். அழுக்கு அடைந்திருப்பது கண்டன்சருக்கும் அதன் பின்னால் இருக்கும் இன்டர்கூலர், ரேடியேட்டருக்கும் நடுவில். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும், முடிந்தால் கண்டன்சர் பிராக்கெட் போல்ட்டை மட்டும் தளர்த்தி, பைப்பை இழுக்காமல் முன்னால் சாய்த்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விடவேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னைப் பக்கத்தில் பிடித்தால் அலுமினியத் தகடெல்லாம் மடிந்து படுத்துவிடும், அப்புறம் அழுக்கே இல்லாமல் காற்று நின்றுபோகும். தோட்டத்து ஹோஸ் போதும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் போடாதீர்கள், அலுமினியத்தைத் தின்றுவிடும். தகட்டில் விரலை வைத்தால் வெள்ளைப் பொடியாக உதிர்கிறதா என்றும் பாருங்கள். உதிர்ந்தால் உப்பு தின்றுவிட்டது, அந்தக் கண்டன்சர் எவ்வளவு கழுவினாலும் தேறாது.

கழுவியும் நின்றால் சூடு என்றால் அடுத்தது ஃபேன். பெரிய லாரிகளில் பெரும்பாலும் இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் ஃபேன், நடுவில் ஒரு விஸ்கஸ் கிளட்ச். உள்ளே சிலிகான் எண்ணெய், சூடு ஏறும்போது அது ஃபேனைக் கவ்விப் பிடிக்கும். எண்ணெய் கசிந்துவிட்டால் பிடி போய்விடும். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுண்டிப் பாருங்கள். கனமாக நகர்ந்து நிற்கவேண்டும். மின்விசிறி மாதிரி நாலு சுற்று ஓடினால் கிளட்ச் போய்விட்டது, நடுவில் கறுப்பாக எண்ணெய் வழிந்த தடமும் தெரியும். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் சொன்னால்தான் கிளட்ச் பிடிக்கும், அதற்கு ஒயரும் சென்சாரும் பார்க்கவேண்டும். சவூதியில் அமெரிக்க வண்டிகளில் ஏர் பிரேக் காற்றிலேயே இயங்கும் ஃபேன் கிளட்ச் பார்த்திருக்கிறேன், ஏசி பிரஷர் ஏறினால் ஒரு சுவிட்ச் ஃபேனைக் கூப்பிடும், அந்தச் சுவிட்ச் கெட்டால் பாலைவனத்தில் உங்களுக்கு வருகிற அதே கோளாறுதான் வரும். கண்டன்சர் கேபின் கூரை மேலோ பக்கத்திலோ இருந்தால் அதற்குத் தனி மோட்டார் ஃபேன் இருக்கும், அது ஓடுகிறதா என்று கையை நீட்டிக் காற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உங்கள் இரண்டு கோளாறில் இது ஒன்று. இரண்டாவதுக்குப் போகும் முன் கரண்ட் பக்கம் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

லாரி 24 வோல்ட். கார் ஏசி மட்டும் பார்த்துப் பழகியவர் 12 வோல்ட் ரிலேயை மாட்டிவிட்டுப் போவார், ஒரு வாரம் ஓடும், அப்புறம் கருகும். கம்ப்ரசர் முன்னால் இருக்கும் மேக்னெட் கிளட்ச் ஏசி போட்டதும் டக் என்று ஒட்டவேண்டும், முன்தட்டும் சேர்ந்து சுற்றவேண்டும். ஒட்டவில்லை என்றால் கம்ப்ரசர் கெட்டது என்று அர்த்தமில்லை. ஃப்யூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், தெர்மோஸ்டாட், எர்த் ஒயர், காயில் என்று ஒரு சங்கிலி முழுக்க இருக்கிறது. கிளட்ச் ஒயரில் மீட்டர் வைத்து 24 வருகிறதா பாருங்கள், டெஸ்ட் லேம்ப் வைத்தும் பாருங்கள், ஏனென்றால் களிம்பு பிடித்த ஒயரில் மீட்டர் 24 காட்டும், லோடு வந்ததும் படுத்துவிடும். காயில் ஒயரைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தால் 24 வோல்ட் காயில் சுமார் 12, 13 ஓம் பக்கம் இருக்கும், மூன்று நான்கு காட்டினால் யாரோ கார் காயில் போட்டிருக்கிறார்கள். இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. ஊருக்கு வந்த புதிதில் ஒரு மீன் வண்டிக்காரருக்குக் கம்ப்ரசர் போய்விட்டது என்று அடித்துச் சொன்னேன், அவர் புதுசு வாங்கிக்கொண்டும் வந்துவிட்டார், மாட்டிப் பார்த்தால் அதுவும் ஒட்டவில்லை. சேஸிஸில் எர்த் ஒயர் பிடித்த போல்ட் பச்சை பூத்து வெறும் பொடியாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன், பழைய கம்ப்ரசரே ஓடியது. அன்றைக்குக் கூலி வாங்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. அதிலிருந்து எந்த வண்டி வந்தாலும் முதலில் எர்த்தில்தான் கை வைப்பேன்.

காலையில் ஒட்டி, வண்டி சூடானதும் ஒட்டாமல் போகிற வகையும் உண்டு. தட்டு தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜ் வைத்தால் சாதாரணமாக 0.4 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். கூடியிருந்தால் முன் நட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் மெல்லிய வாஷரில் ஒன்றை எடுத்துவிட்டால் மறுபடி ஒட்டும். கேஸைத் தொடவே வேண்டாம். இந்த வேலைக்குக் கம்ப்ரசர் விலை கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கிளட்ச் ஒட்டவில்லை என்று லோ பிரஷர் சுவிட்சின் இரண்டு ஒயரையும் முறுக்கி நேராக இணைத்து ஓட்டாதீர்கள். கம்ப்ரசருக்கான ஆயில் தனியாக டேங்கில் இல்லை, கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் ஆயிலும் திரும்பி வராது, அரை மணி நேரத்தில் கம்ப்ரசர் இறுகி, உள்ளே உடைந்த துகள் கண்டன்சர் வரை போய் மொத்த லைனையும் நாசமாக்கும். அந்தச் சுவிட்ச் ஒயரைத் துண்டிக்கிறது என்றால் உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறது.

கேபினுக்குள் இருக்கும் சின்ன விஷயங்களையும் பார்த்துவிடுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே ஃபில்டர் இருந்தால் எடுத்துத் தட்டுங்கள், சிலர் வண்டி வாங்கியதிலிருந்து அது இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறார்கள். தண்ணீர் வெளியே போகும் சின்னக் குழாய் அடைத்தால் கிளீனர் சீட் பக்கம் கால் மிதியில் தண்ணீர் தேங்கும், கம்பியால் குத்தாமல் வாயால் ஊதினாலே போகும். அப்புறம் ஹீட்டர். நம்மூரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? ஆனால் அந்த வால்வு சரியாக மூடாவிட்டால் இன்ஜின் சுடுதண்ணீர் கூலிங் காயிலுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், ஏசி ஒரு பக்கம் குளிர்விக்க ஹீட்டர் இன்னொரு பக்கம் சுடவைக்கும். ஏசி மட்டும் ஓடும்போது கேபினுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டுமே கொதித்தால் அந்த வால்வுதான் குற்றவாளி.

இனி கசிவு. டிரெய்லருக்கும் காருக்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது: லாரிக்கு கேபின் தூக்கும். ஒவ்வொரு தடவை தூக்கி இறக்கும்போதும் கம்ப்ரசரிலிருந்து கேபினுக்குப் போகும் இரண்டு ஹோஸும் மடிகின்றன, அதோடு கேபின் சஸ்பென்ஷனில் ஆடும் ஆட்டம் வேறு. அதனால் நான் முதலில் பார்ப்பது கேபின் கீல் பக்கத்து மடிப்பு, அடுத்து ஹோஸின் மேல் அலுமினியத்தை நசுக்கிப் பிடித்திருக்கும் கிரிம்ப், அப்புறம் ஹோஸ் சேஸிஸில் உரசும் இடம். கேபினைத் தூக்கும் முன் உள்ளே பாட்டில், பாத்திரம், ஜாக்கி எல்லாம் இறக்கிவிட்டு, தூக்கியதும் லாக் விழுந்ததா என்று பார்த்த பிறகே தலையை உள்ளே விடுங்கள்.

கேஸ் போகும் இடத்தில் ஆயிலும் கூடப் போகும் என்பதால் கசியும் இடத்தில் ஈரமான கறுப்புப் பசை இருக்கும், புழுதி ஒட்டியிருக்கும். டார்ச்சும் வெள்ளைத் துணியும் போதும், பைப் ஜாயின்ட் ஒவ்வொன்றையும் துடைத்துப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு வந்த இடத்தில் சோப்பு நுரை போடுங்கள். இதில் ஒரு நுணுக்கம். கூலிங் காயிலுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவில் இருக்கும் பருத்த பைப்பில், ஏசி ஓடும்போது பிரஷர் 30 பிஎஸ்ஐ பக்கம்தான், அணைத்து வைத்தால் அதே பைப்பில் 90-க்கு மேல் ஏறிவிடும். ஆக அந்தப் பக்கக் கசிவை இன்ஜினை அணைத்துவிட்டுத் தேடுங்கள், கண்டன்சர் பக்கக் கசிவை நன்றாக ஓடி அணைத்த உடனே தேடுங்கள். எங்கேயும் கிடைக்காவிட்டால் யூவி ஒளியில் மினுங்கும் சாயம் ஏற்றி ஒரு வாரம் ஓட்டிவிட்டு இரவில் யூவி டார்ச் அடித்துப் பார்க்கலாம். தண்ணீர் போகும் குழாய் வாயில் சாயம் மினுங்கினால் கூலிங் காயில் ஓட்டை, டாஷ்போர்டையே கழற்றும் வேலை, அதை வீட்டு வாசலில் வைத்துச் செய்யாதீர்கள்.

கேஸ் அடிக்கும் நிப்பிளையும் மறக்காதீர்கள். உள்ளே டயர் வால்வு மாதிரி ஒரு பின் இருக்கும், மூன்று தடவை கேஸ் அடித்த வண்டி என்பதால் எனக்கு அதன் மேலும் சந்தேகம் உண்டு. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி வருகிறதா தெரியும். டயர் கடையில் கேட்டு வாங்கிய பின்னைப் போடக்கூடாது, ஏசிக்கென்று தனி உண்டு. மூடி தொலைந்திருந்தால் ரப்பர் வாஷரோடு மூடி வாங்கிப் போடுங்கள், அதுதான் உண்மையான அடைப்பு.

லாரியில் ஏர் டேங்க் கையோடு இருப்பதால் சிலருக்கு ஒரு யோசனை வரும், அந்தக் காற்றையே ஏசி லைனில் ஏற்றி ஓட்டை கண்டுபிடித்தால் என்ன என்று. வேண்டாம். அந்தக் காற்றில் ஈரமும் இன்ஜின் ஆயிலும் இருக்கும், மிச்சமிருக்கும் கேஸோடு காற்று அழுத்தத்தில் கலந்தால் தீப்பிடிக்கும் தன்மையும் வந்துவிடும். வெல்டிங் ஆக்சிஜன் அதைவிட மோசம், ஏசி ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். சோதனைக்கு நைட்ரஜன் ஒன்றுதான், அதுவும் ரெகுலேட்டர் வைத்து 150 பிஎஸ்ஐ வரை, அதற்கு மேல் வேண்டாம்.

லைனில் பிரஷர் பார்க்கும் இரட்டை முள் மீட்டர், அதாவது கேஜ் செட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள், ஆனால் படிக்கத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நம் வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஆர்-134ஏ என்ற கேஸ். இன்ஜின் அணைத்து ஆறியிருக்கும்போது 30 டிகிரி வெயிலில் இரண்டு முள்ளும் 95 பிஎஸ்ஐ பக்கம் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு கேஸ் ஃபுல்லாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு, தவறு. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே அந்த வெப்பநிலைக்கு அதே பிரஷர்தான் காட்டும், சமையல் சிலிண்டர் தீரும் நாள் வரை அடுப்பு ஒரே மாதிரி எரிகிற மாதிரி. ஓடும்போது பார்த்தால்தான் கதை தெரியும். நல்ல வண்டியில் லோ பக்கம், அதாவது கம்ப்ரசருக்குத் திரும்பும் பருத்த பைப்பில், 25 முதல் 45, ஹை பக்கம், அதாவது கம்ப்ரசரிலிருந்து கண்டன்சருக்குப் போவதில், நம் வெயிலுக்கு 180 முதல் 250 வரை இருக்கலாம். இரண்டும் கீழே கிடந்தால் கேஸ் குறைவு. இரண்டும் மேலே ஏறினால் கண்டன்சருக்குக் காற்று இல்லை, அல்லது கேஸ் கூடுதல், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. லோ ஏறி ஹை இறங்கி இரண்டும் கிட்டக்கிட்ட வந்தால் அப்போதுதான் கம்ப்ரசரைச் சந்தேகப்படலாம். லோ முள் பூஜ்யத்துக்குக் கீழே போனால் வால்வில் அடைப்பு, இருபது நிமிசம் நன்றாக ஓடி அப்புறம் அப்படிப் போய், கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் லைனில் ஈரம் இருக்கிறது, அது வால்வு வாயில் ஐஸாக உறைகிறது.

உங்கள் வண்டியில் நிற்கும்போது இரண்டு முள்ளும் ஏறி, முன்னால் தண்ணீர் ஊற்றியதும் இறங்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

ஹோஸ் மாற்றுவது என்று முடிவானால் லைனைத் திறக்கவேண்டும். இங்கே நேராகச் சொல்கிறேன், வேக்கம் பம்ப், எடை மெஷின், கேஜ் மூன்றும் இல்லாமல் லைனைத் திறக்காதீர்கள். ஒரு தடவைக்காக வாங்குவது வீண், நாலைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். இல்லையென்றால் கேஸை இழுத்து எடுப்பதையும் கடைசியில் ஏற்றுவதையும் கடையில் கொடுத்துவிட்டு, நடுவில் ஹோஸ் மாற்றுவதை மட்டும் நீங்கள் செய்யலாம், நல்ல மெக்கானிக் ஒத்துக்கொள்வார். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாதீர்கள். ஆர்-134ஏ கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும் கேஸ், அதோடு காற்றைவிட கனம் என்பதால் சர்வீஸ் குழிக்குள் தேங்கினால் மூச்சு முட்டும். பக்கத்தில் வெல்டிங் நடந்தால் அந்தச் சூட்டில் இந்த கேஸ் விஷப் புகையாகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். திரவமாகத் தெறித்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள் அது, என் இடது சுட்டுவிரல் நுனியில் இன்னும் உணர்ச்சி குறைவுதான், தம்மாமில் கையுறை போடச் சோம்பல்பட்ட ஒரு மத்தியானத்தின் பலன்.

அலுமினிய நட்டை இரண்டு ஸ்பானர் போட்டுத்தான் திருப்பவேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒரே ஸ்பானரில் திருப்பினால் பைப் முறுக்கிக்கொண்டு உடையும். திறந்த வாயை உடனே பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள், மார்கழியிலும் ஈரம் குறையாத ஊர் இது, ஏசி ஆயில் காற்றிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஜாயின்ட்டுக்குள் போடும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பச்சை நிறத்தில் ஏசிக்கென்றே வருவதை வாங்குங்கள், பம்ப்செட் கடைக் கறுப்பு ரிங் சில மாசத்தில் உப்பிப்போகும். மாட்டும் முன் ஏசி ஆயில் ஒரு சொட்டு தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். லைனைத் திறந்த பிறகு ஃபில்டர் ட்ரையரையும் மாற்றிவிடுங்கள், ஈரம் குடிக்கும் மணிகள் உள்ளே ஏற்கனவே நிறைந்திருக்கும். ட்ரையருக்காக 20, 30 மில்லி ஆயில் சேர்த்தால் போதும், கம்ப்ரசர் ஸ்டிக்கரில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கிறதோ அதையே.

வேக்கம் போடுவதில்தான் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள். பத்து நிமிசம் பம்பை ஓட்டிவிட்டு போதும் என்பார்கள். வேக்கத்தின் வேலை காற்றை எடுப்பது மட்டுமில்லை, பிரஷர் நன்றாக இறங்கினால் நம்மூர் 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். அதற்கு நேரம் வேண்டும், நான் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக விடுவதில்லை. அப்புறம் வால்வை மூடி பம்பை நிறுத்தி அரை மணி நேரம் டீக்குப் போய்விட்டு வாருங்கள். முள் அசையாமல் இருந்தால் மட்டும் கேஸ். எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும், எடை மெஷினில் வைத்து அந்த அளவே ஏற்றுங்கள், லைனில் இருக்கும் பார்வைக் கண்ணாடியில் குமிழி பார்த்து ஏற்றாதீர்கள். முதல் பங்கை இன்ஜின் ஓடாமல் ஹை பக்கம் திரவமாக விடலாம். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் முன் ஹை பக்க வால்வை மூடியாயிற்றா என்று இரண்டு தடவை பாருங்கள், ஓடும்போது அதைத் திறந்தால் கம்ப்ரசர் பிரஷர் திரும்பி கேனுக்குள் போய் கேன் கையிலேயே வெடிக்கும். மிச்சத்தை லோ பக்கம், கேனை நிமிர்த்தி, ஆவியாக. இறங்க மறுத்தால் கை பொறுக்கும் வெந்நீர் வாளியில் கேனை வையுங்கள், அடுப்போ புளோ லாம்போ காட்டாதீர்கள்.

கேஸ் வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். மலிவு கேன்களில் எரியும் கேஸ் கலந்து வருவதுண்டு, அதைவிடப் பயங்கரமும் நடந்திருக்கிறது. நீங்கள் கன்டெய்னர் ஓட்டுகிறவர் என்பதால் சொல்கிறேன்: 2011-ல் ரீஃபர், அதாவது குளிர்சாதன கன்டெய்னர்களில் ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றிய போலி கேஸால் வியட்நாமிலும் பிரேசிலிலும் கம்ப்ரசர்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அதில் மெதில் குளோரைடு கலந்திருந்தது, அது அலுமினியத்தோடு சேர்ந்து, வெளிக்காற்று பட்டதும் தானாகத் தீப்பிடிக்கும் பொருளாக மாறும். நம் கம்ப்ரசரும் கண்டன்சரும் அலுமினியம்தான். பில் தராத கடையில் கேஸ் வாங்காதீர்கள். ஓட்டையை அடைக்கிறேன் என்று ஒரு சின்ன கேன் விற்பார்களே, அதுவும் வேண்டாம், அது வால்வையும் அடுத்து வேலை பார்ப்பவரின் மெஷினையும் சேர்த்தே அடைக்கும். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் லைனில் கை வைக்காதீர்கள். 2025-ல் புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமானதிலிருந்து வாரண்டி வண்டியைத் திறந்துவிட்டு என்னிடம் வந்து நிற்கிறவர்கள் கூடிவிட்டார்கள்.

எல்லாம் சரியான பிறகும் நாங்குநேரியில் இருந்த ஜில்லிப்பு மார்த்தாண்டத்தில் இருக்காது, அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள். அங்கே காற்று காய்ந்தது, இங்கே ஈரம். ஏசியின் சக்தியில் பெரும்பங்கு அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே சொட்ட வைப்பதிலேயே போகிறது. கேபினுக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடும் பட்டனைப் போட்டு ஓட்டினால் வித்தியாசம் தெரியும். வாயில் தெர்மாமீட்டர் 8 முதல் 12 டிகிரிக்குள் காட்டினால் வண்டி நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஏசியைப் போட்டுக்கொண்டு இன்ஜின் ஓட, கண்ணாடி ஏற்றி கேபினில் தூங்காதீர்கள், சைலன்சரில் ஓட்டை இருந்தால் புகை உள்ளே வருவது தெரியாமலேயே போய்விடும்.

ஆக இந்த ஞாயிற்றுக்கிழமை வாளித் தண்ணீர், ஃபேனைச் சுண்டிப் பார்ப்பது, கண்டன்சர் இடுக்கு, எர்த் போல்ட், கேபின் கீல் பக்கத்து ஹோஸ், இவ்வளவும் பாருங்கள், காலையில் ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் முடியும். என்ன கிடைத்தது என்று எழுதுங்கள், நிற்கும்போது இரண்டு முள்ளும் எவ்வளவு என்பதையும் சேர்த்து. ஹோஸ்தான் என்றால் பழையதைக் கொண்டுபோய்க் கொடுத்து அதே மாதிரி கிரிம்ப் பண்ணி வாங்கலாம், ஹைட்ராலிக் ஹோஸைப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள், அதில் கேஸ் நிற்காது, ஏசி ஹோஸ்தான் வேண்டும். பழையதைக் கழற்றும் முன் கேபினைத் தூக்கிய நிலையில் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இறக்கிய நிலையில் அளந்து வாங்கிப் போட்டவர் ஒருவர், முதல் தடவை கேபினைத் தூக்கும்போதே புது ஹோஸைப் பிடுங்கி எடுத்துவிட்டார்.